வேலை குறைந்த நாட்களில் ஓய்வுநாள், காணிக்கை, ஸ்தோத்திரம்: எப்படிக் கைக்கொள்வது?

கேட்டவர்: நொய்யல்கரை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூரில் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து வீட்டுக்காரர் தைக்கிற கம்பெனியில் ஆர்டர் நிலையாக இல்லை. முன்பு தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடும். இப்போது வாரத்துக்கு நாலு ஷிப்டும் வரும், ஆறும் வரும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும்வரை எவ்வளவு என்று தெரியாது. நான் வீட்டில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலை எடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள்.

கேள்வி மூன்று. பிசிறு வேலை ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணி நேரம் இழுக்கிறது. ஆராதனைக்குப் போய்வந்து அதில்தான் உட்காருகிறேன். நிறுத்தினால் அந்தப் பணம் போய்விடுமே? இரண்டாவது, இதே லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்றுக்கு வேலை அடியோடு நின்றுவிட்டது. எங்களுக்கே இழுபறியாக இருக்கும்போது எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுப்பது? மூன்றாவது, ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்வது வாய் மட்டும்தான், மனசு வட்டிக் கணக்குப் போடுகிறது. படுத்தால் தூக்கமும் வருவதில்லை.

"விசுவாசம் போதாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது என்று சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்

ஸ்தோத்திரம் சகோதரி. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், அடுத்து ஞாயிறு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். எலியா "போதும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். தேவதூதன் வந்து புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவரைத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். தூக்கம் கெட்டு, வயிறு காய்ந்து கிடப்பவரிடம் விசுவாசத்தைப் பற்றி விசாரணை நடத்தக் கூடாது என்பது அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

உங்கள் குடும்ப ஜெபத்தில் கணக்கு புகுந்துவிடுவதற்குக் காரணம், நாள் முழுக்க அதற்கென்று ஒரு நேரம் இல்லாததுதான். மாலை ஆறரைக்கு அரைமணி நேரம் இருவரும் நோட்டோடு உட்காருங்கள். ஒரு பக்கம் இந்த வாரம் கட்ட வேண்டியது, தேதியோடு. இன்னொரு பக்கம் நாளைக்கு நம் கையால் ஆகக்கூடிய ஒரே ஒரு காரியம்: வீட்டுக்காரம்மாவிடம் பத்து நாள் தவணை கேட்பது, குழுக் கடன் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது, இந்த மாதிரி. ஏழு மணிக்கு நோட்டு அலமாரிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பணப் பேச்சு இல்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் நிற்காது. மற்றவர் படுக்கையில் ஆரம்பித்துவிடுவார்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, புரளாமல் எழுந்து உட்காருங்கள். போனை எடுக்க வேண்டாம். சங்கீதம் 4 எட்டே வசனம்தான். கடைசி வசனம் படுக்கைக்கென்றே எழுதினது போல இருக்கும். மனப்பாடமாகச் சொல்லுங்கள், கண் சொக்கினதும் படுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் இப்படியே போனால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. டாக்டரிடம் போவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி ஞாயிறு. யாத்திராகமம் 16-இல் வனாந்தரத்தில் மன்னா என்ற உணவு விழுந்த கதையைப் பிள்ளைகளுக்கு அதிசயமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர் (அந்தக் காலத்து அளவு). ஆறாம் நாளில் இரண்டு ஓமர். மற்ற நாளில் மீதி வைத்தது புழுத்து நாறியது, ஆறாம் நாளில் எடுத்து வைத்தது கெடவில்லை. ஏழாம் நாளும் கூடையோடு போனவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பத்துக் கட்டளை கொடுக்கப்படும் முன்பே, சேமிப்பு என்று ஒரு படி தானியம்கூட இல்லாத வனாந்தரத்தில், ஓய்வு கற்றுக்கொடுக்கப்பட்டது. கையிருப்பு உள்ளவர்களுக்குத்தான் ஓய்வு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

அதையே உங்கள் வாரத்துக்குப் பொருத்துங்கள். ஞாயிறு மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 30. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அந்த அரைமணியை வையுங்கள். ராத்திரித் தூக்கத்திலிருந்து வெட்டாதீர்கள். இது கெட்டுப்போகும் இடம் எது தெரியுமா? காண்ட்ராக்டர் சனிக்கிழமை ராத்திரி மூட்டையைப் போட்டுவிட்டுத் திங்கள் காலையில் கேட்பார். துணிக் கட்டுகளை வியாழன், வெள்ளியில் அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை வருவதில் பாதிக் கட்டுதான் எடுப்பேன் என்று சொல்லுங்கள். தவணை தவறாமல் கொடுக்கிறவர்களை அவர்கள் சுலபத்தில் விடமாட்டார்கள்.

சம்பளம் சனிக்கிழமை வருவது உங்களுக்கு ஒரு வசதி. வந்த ராத்திரியே வாடகை, குழு, மளிகை, காணிக்கை என்று கவரில் பிரித்துவிடுங்கள். ஒன்பது மணியிலிருந்து ஞாயிறு மாலை ஆறு மணிவரை பணம் எண்ணுவதில்லை, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பைத் திறப்பதில்லை. யூனிபார்ம் தேய்ப்பது, திங்களுக்கு மாவாட்டுவது எல்லாம் ஆறு மணிக்குப் பிறகு.

இன்னொன்று. நம் வீடுகளில் ஞாயிறு என்றால் ஆண்களுக்கு ஓய்வு, பெண்களுக்குக் கறிக்குழம்பு. ஆராதனை முடிந்து வந்து இஞ்சி பூண்டு அரைத்து, கறி வேகவைத்து, ஐந்து பேருக்குப் பரிமாறிப் பாத்திரம் கழுவி முடிக்க மூன்று மணியாகிவிடும். உபாகமம் 5:14 வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் பெயர் சொல்லி, அவர்களும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. ஓய்வும் இரக்கமும் அங்கே ஒரே கட்டளை. உங்கள் உழைப்பின் மேல் மற்றவர்கள் படுத்துத் தூங்குவதை அந்த வசனம் ஓய்வுநாளாக ஏற்றுக்கொள்ளாது. கறி வேண்டுமென்றால் சனிக்கிழமை ராத்திரியோ புதன்கிழமையோ வையுங்கள். வெள்ளிக்கிழமை புளிக்காய்ச்சல் செய்துவிட்டால் ஞாயிறு சோறு வடித்துக் கிளறினால் முடிந்தது. அப்பளமும் பாத்திரமும் வீட்டுக்காரர், பிள்ளைகள் பொறுப்பு.

பதில் 2: கொட்டாரம்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன் அக்கா.

பழைய ஏற்பாட்டுப் பலிகளிலேயே வசதிக்கேற்ற படிகள் உண்டு. லேவியராகமம் 5-இல் ஆடு முடியாவிட்டால் இரண்டு புறா. அதற்கும் வழியில்லாவிட்டால் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு. இயேசுவைப் பெற்ற மரியாளே ஆட்டுக்குட்டி கொண்டுபோகவில்லை, புறாதான் (லூக்கா 2:24). ஆகவே போன வருடச் சம்பளத்தை மனதில் வைத்து இந்த வருடத் தசமபாகத்தைக் கணக்கிட வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கையில் வந்தது 3,000 என்றால் அதற்குத்தான் பத்தில் ஒன்று. 2 கொரிந்தியர் 8:12-உம் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படி என்றுதான் சொல்கிறது. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடவே கூடாது. அதில் கொடுப்பது நீங்கள் இல்லை. அடுத்த மாதம் உங்கள் பிள்ளைகளின் பாலும் முட்டையும்.

பணமாக முடியாதபோது பிடி அரிசி. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாக இதை நடத்தி ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். காஞ்சி மடத்துப் பெரியவரும் இதே பிடி அரிசியை வலியுறுத்தினார். கணக்கு இது: பெரியவர்கள் கையில் ஒரு பிடி சுமார் 40 கிராம். உலை வைக்கும்போது, கழுவுவதற்கு முன், ஒரு பிடி தனி டப்பாவுக்குப் போக வேண்டும். இரண்டு வேளை என்றால் மாதம் 2.4 கிலோ. உங்கள் ஜெபக்குழுவில் இருபது வீடு சேர்ந்தால் 48 கிலோ. ஆளுக்கு வேளைக்கு 120 கிராம் என்று வைத்தால் 400 சாப்பாடு.

இது பல சபைகளில் மூன்றாம் மாதமே படுத்துவிடும். காரணம் பெரும்பாலும் பக்திக் குறைவு இல்லை, வண்டு. போன மாத மீதியின் மேல் புது அரிசியைக் கொட்டினால் பழையதில் இருக்கும் பூச்சி புதியதிலும் ஏறும். மாதக் கடைசி ஞாயிறு டப்பாவை முழுவதும் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு ஆரம்பியுங்கள். அடுத்த தவறு, ஒரு வீட்டுப் பச்சரிசியையும் இன்னொரு வீட்டுப் புழுங்கலையும் ஒரே சாக்கில் கொட்டுவது. ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும். வாங்குகிறவர்கள் முகம் சுளித்தால் குற்றம் அவர்கள் மேல் இல்லை. இரண்டு சாக்கு வையுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்கு அரிசியைவிட மற்றது அவசரமாக இருக்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. அவர்களுடைய ஒடிசா ரேஷன் அட்டை எண்ணும் ஆதாரும் கைரேகையும் இருந்தால் நம் கடையிலேயே அவர்களுக்குரிய தானியத்தை வாங்கலாம். ஊரில் இருக்கிறவர்கள் பங்கை விட்டுவைத்து இவர்கள் பங்கை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. இது தெரியாமலும், கடையில் மொழி புரியாமலும்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒருநாள் காலை கூடவே போய் நின்று பேசுவது பத்துக் கிலோ அரிசி கொடுப்பதற்குச் சமம். திருப்பி அனுப்பினால் 1967-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அரிசி அப்படி வந்துவிட்டால் குறைவது பருப்பு, எண்ணெய், உருளை, காஸ், குழந்தைக்கு மருந்து. அரைக் கிலோ பருப்பும் கால் லிட்டர் எண்ணெயும் உங்களால் முடிந்தால் வாரம் ஒருமுறை கொடுங்கள். அவர்கள் கடுகெண்ணெயில் சமைத்துப் பழகினவர்கள். திருப்பூரில் வடநாட்டு மளிகைக் கடைகளில் கிடைக்கும். கோதுமை மாவு பீகார், உ.பி. குடும்பங்களுக்குப் பொருந்தும், ஒடிசாக்காரர்களுக்கு நம்மைப் போலச் சோறுதான்.

கொடுக்கும் விதம் முக்கியம். லைன் வீட்டில் எல்லார் கண்ணும் வாசலில்தான் இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பதையும் பருப்பையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வாங்கினதற்காகத்தான் வரவேண்டுமோ என்று நினைத்துவிட்டால் அடுத்த முறை பசித்தாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்த அம்மாவும் பிசிறு வெட்டத் தயாராக இருந்தால் உங்கள் காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைக் கட்டில் நீங்கள் எடுக்காத பாதி அவர்களுக்குப் போகலாம், அவர்களுக்கு ஞாயிறு தடையில்லையே.

பதில் 3: இரவு ஷிப்ட் நர்ஸ்

முதல் பதிலில் ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து. ஞாயிறு என்று கல்லில் பொறித்தாற்போல் சொன்னால் நர்ஸ், பஸ் டிரைவர், மின்வாரிய ஆட்கள், ஓட்டல் சமையல்காரர் யாரும் ஓய்வுநாள் கைக்கொள்ள முடியாது. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது (மாற்கு 2:27). வாரத்தில் ஏதாவது ஒரு 24 மணி நேரம், முடியாவிட்டால் 12 மணி நேரம், முன்கூட்டியே குறித்து அதை விடாமல் காப்பதுதான் தேவை. "நேரம் கிடைக்கும்போது ஓய்வெடுப்பேன்" என்பது மட்டும் ஒருபோதும் நடக்காது. ட்யூட்டி லிஸ்ட் வந்ததும் முதலில் அந்த நாளுக்கு வட்டம் போட வேண்டும்.

பதில் 1 தொடர்ச்சி: ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்

ஷிப்ட் வேலைக்கு நீங்கள் சொல்வது சரி, சகோதரி. ஆனால் பிசிறு வேலை வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. நாள் மாற்றி மாற்றி வைத்தால் எல்லா நாளும் வேலை நாளாகிவிடும். பிள்ளைகளுக்கு நிச்சயமாகப் பள்ளி இல்லாத நாளும் ஞாயிறுதான். கன்னியாகுமரி, தூத்துக்குடி கரையில் கத்தோலிக்க மீனவர்கள் பலர் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. வேலைக்குப் போனால்தான் காசு என்பது அவர்களுக்கும் உண்டு. ஊர் மொத்தமும் ஒரே நாளில் நிறுத்துவதால் "நான் மட்டும் இழக்கிறேனே" என்ற பதைப்பு யாருக்கும் இல்லை. உங்கள் லைனில் பிசிறு வெட்டும் சபைப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஞாயிறு எடுப்பதில்லை என்று சொன்னால் காண்ட்ராக்டரிடம் பேசுவதும் சுலபம்.

பதில் 4: அன்பியம் ஏழு

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). மூன்றாவது கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்கிறேன், எந்தச் சபைக்கும் பொருந்தும்.

மனம் கொதிக்கும்போது நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவுவதால்தான் அது வாயோடு நின்றுவிடுகிறது. சங்கீதப் புத்தகத்தில் முறையிடும் பாட்டுகள்தான் அதிகம். சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறார். அடுத்த இரண்டில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறார். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். குடும்ப ஜெபத்தில் இரண்டு நிமிடம் முறையீடு: "ஆண்டவரே, இந்த வாரம் நாலு ஷிப்ட்தான் வந்தது, பள்ளிக் கட்டணம் பாக்கி" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஒளிக்க வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா அம்மா அதைக் கடவுளிடம் சொல்கிறார்கள் என்பதுதான் தெரியாது. சங்கீதம் 88 கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான். ஸ்தோத்திரம் வராத ஒரு ராத்திரி அதை வாசித்துவிட்டு ஆமென் சொல்லிப் படுத்தாலும் ஜெபம்தான்.

நன்றிக்கு, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை என்ற ஜெப முறை. 1548-இல் அச்சான அவருடைய ஆன்மப் பயிற்சிகளில் ஐந்து படியாக இருக்கிறது: நன்றி, ஒளி கேட்பது, நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிடம் போதும். பலருக்கு வழுக்கும் இடம் முதல் படி. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்றால் எதற்குமே இல்லாத மாதிரி. இன்று நடந்த மூன்று, இடமும் நேரமும் ஆளும் சேர்த்து: மதியம் இரண்டு மணிக்கு மோட்டார் ஓடித் தண்ணீர் நிரம்பியது, சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கியது, மளிகைக் கடை அண்ணன் பாக்கியைக் கேட்காமல் சர்க்கரை கொடுத்தார். கடைசியில் ஒரு ஆள் வருகிறார் பாருங்கள், அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், மறுநாள் அவரிடம் "ரொம்ப நன்றிங்க அண்ணா" என்று வாய்விட்டும் சொல்லுங்கள். வேலை போனதற்கு, நோய் வந்ததற்கு நன்றி சொல்லும்படி யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, வற்புறுத்த வேண்டாம்.

மொத்தம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். நீண்டால் அப்பாவின் பிரசங்கமாகவும், மார்க் குறைந்ததற்குத் திட்டாகவும் மாறிவிடும். அப்புறம் மணி எட்டரை ஆனாலே பிள்ளைகளுக்குத் தலைவலி வரும்.

இஞ்ஞாசியார் இன்னொரு விதியும் வைத்திருக்கிறார்: மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஊரைக் காலி செய்வது, பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, நகையை விற்பது போன்றவற்றை ராத்திரி பதினோரு மணிக்கு முடிவு செய்யாதீர்கள். நோட்டில் எழுதிவைத்து ஞாயிறு கழிந்து திங்கள் காலையில் பேசுங்கள்.

பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அந்த ஒடிசாக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாம். 1833-இல் பாரீஸில் தொடங்கியது. இருவர் இருவராக வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். எந்த மதம் என்று கேட்டு உதவுகிறவர்கள் இல்லை, விவரம் வெளியே போகாது.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கே நோட்டு ஆரம்பிக்கிறோம். ஒன்று விட்டுப்போனது. பெரியவளுக்கு உடம்பு தேறினால் சபையின் அறுப்பின் பண்டிகையில் 5,000 படைப்பதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருந்தேன். அவள் தேறிவிட்டாள், பணம்தான் இல்லை. பொருத்தனையைச் செலுத்தாமல் இருப்பது பயமாக இருக்கிறது. பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம். நகையை அடகு வைக்கலாமா?

பதில் 2 தொடர்ச்சி: கொட்டாரம்

வைக்க வேண்டாம் அக்கா. லேவியராகமம் 27:8 உங்களுக்கென்றே இருக்கிறது. பொருத்தனை செய்தவன் மதிப்பின்படி செலுத்த முடியாத ஏழையானால் ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும். அவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். உங்கள் சபைப் போதகரான ஐயரவர்களிடம் நீங்களும் வீட்டுக்காரரும் நேரில் போய், நாலு வாரச் சம்பளக் கணக்கைக் காட்டி, இப்போது இவ்வளவு, மீதி ஆர்டர் சீரான பிறகு என்று சொல்லி ஜெபித்து வாருங்கள். ஆராதனை முடிந்த கூட்டத்தில் வேண்டாம், வாரநாளில் போங்கள். அப்படியே சபையின் ஏழைகள் நிதியில் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கொடுக்கிற கை சில மாதம் வாங்குவதில் வெட்கம் இல்லை.

ஆறு வாரத்துக்கு வாரம் 100 எடுத்து வைத்தால் 600 சேரும். அதோடு மகள் கையாலேயே ஒரு பூசணிக்காயோ முருங்கைக் கட்டோ கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள், தேறினது அவள்தானே. பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது மட்டும் வீட்டுக்காரரைக் கேட்க விடாதீர்கள். தேங்காய் ஒன்று நூறு, இருநூறு என்று ஏறும்போது கூட்டத்தில் வாய் தவறிவிடும், பெயர் பாக்கிப் பட்டியலில் ஏறி அடுத்த வருடம்வரை வாசிப்பார்கள். ஏலம் ஆரம்பித்ததும் அசன (சபை விருந்து) வேலைக்கு, வெங்காயம் உரிக்கவோ இலை போடவோ, அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அந்த வேலைக்கு ஆள் எப்போதும் பற்றாது.